முக்கால் மணி நேரத்தில் உலக சாதனைகள் படைத்த ஜெஸ்ஸி ஓவன்ஸ்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில் 1913-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி பிறந்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். தந்தை, பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் கறுப்பர். பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் வடக்கே கிளீவ்லாந்து நகரில் குடியேறியபோது பையனுக்கு 9 வயது.

அவனுடைய உண்மைப் பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து. வீட்டில் ஜே.சி. என்று அழைப்பார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பெயர் கேட்டார். பையன் தெற்கத்திப் பேச்சில் சொன்னது அவர் காதில் 'ஜெஸ்ஸி' என்று விழுந்தது. பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டார். பிழைக்கப் போன இடத்தில் பெயர் மாறுவது நம்மவர்களுக்கும் தெரிந்த கதைதான்! அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருக்கு உதவித்தொகை கிடையாது. கறுப்பர் என்பதால் விடுதியில் இடமும் கிடையாது. லிப்ட் இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார், ஓடினார்.

1935-ம் ஆண்டு மே 25-ந்தேதி, ஆன் ஆர்பர் நகரில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடந்தது. சில நாட்களுக்கு முன் கீழே விழுந்ததில் முதுகுவலி. அந்த வலியோடு ஓவன்ஸ் களத்தில் இறங்கினார். மாலை 3.15 மணிக்கு 100 கெஜத்தை 9.4 வினாடியில் ஓடினார். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். அடுத்து நீளத் தாண்டுதல். ஒரே ஒரு தடவைதான் தாண்டினார்: 8.13 மீட்டர், புதிய உலக சாதனை. பிறகு 220 கெஜ ஓட்டம் 20.3 வினாடி, 220 கெஜ தடை ஓட்டம் 22.6 வினாடி. இரண்டும் புதிய சாதனைகள். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

220 கெஜம் என்பது 200 மீட்டரைவிட ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். அதிக தூரத்தையே அந்த நேரத்தில் கடந்துவிட்டதால், 200 மீட்டர் சாதனைகளும் அவர் பெயரிலேயே ஏறின. ஆக, புதிய சாதனைகள் ஐந்து, சமன் செய்தது ஒன்று.

சாதனைப் பட்டியலில் ஏறுவது எப்போதும் அவ்வளவு சுலபமல்ல. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் கால் இறுதியை ஓவன்ஸ் 10.2 வினாடியில் ஓடினார். ஆனால் பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் போனால் ஓட்டம் செல்லும், சாதனை செல்லாது. இருந்தும், ஹிட்லர் ஆட்சியின் தலைநகரில் அந்தக் கறுப்பர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்.

காற்று பறித்தது ஒரு சாதனையைத்தான். சட்டம் எல்லாவற்றையும் பறித்தது. ஒலிம்பிக் முடிந்த கையோடு, சம்பளமில்லாமல் ஊர் ஊராக ஓடும்படி அமெரிக்க அமெச்சூர் சங்கம் அவரை ஐரோப்பா முழுவதும் அழைத்துச் சென்றது. சுவீடனுக்குப் போக மறுத்து அவர் ஊர் திரும்பினார். சங்கம் அவரைத் தடை செய்தது. அப்போது வயது 22. அதன்பின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பதிவேட்டில் இடமில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகக் குதிரைகளோடு ஓடிக் காட்டினார். பெட்ரோல் பங்கிலும் வேலை பார்த்தார்.

1936 ஜூனில் சிகாகோவில் அவர் ஓடிய 100 மீட்டர் 10.2 வினாடி, 1956 வரை உடைபடவில்லை. நீளத் தாண்டுதல் சாதனை 25 ஆண்டுகள் நின்றது. 1960-ல் ரால்ப் பாஸ்டன் 8.21 மீட்டர் தாண்டி அதை முறியடித்தார். ஓவன்ஸ் 1980 மார்ச் 31-ந்தேதி காலமானார்.