அனிமே ரசிகர்களே, இந்த டாக்டரைத் தெரியுமா?

நருட்டோ, கோகு, லூஃபி பேரைச் சொன்னா நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் கை தூக்குவீங்க. வெளியே சாரல் அடிக்க, போர்வைக்குள்ள உட்கார்ந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எபிசோடு மேல எபிசோடா பார்க்கிற ஆட்கள் நாம. ஆனா வாரம் ஒரு எபிசோடு, அரை மணி நேரம் என்ற இந்தப் பழக்கத்தை ஜப்பான் டிவியில் நிலைக்க வைத்தது யார்னு கேட்டா பலருக்குப் பதில் தெரியாது. அவர் பெயர் ஒசாமு தெசுகா. படித்தது மருத்துவம், வரைந்தது ரோபோ. 1989-லேயே இறந்துவிட்டார், அதாவது நம்ம பேட்ச் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னாடி.

1928 நவம்பர் 3-ஆம் தேதி ஒசாகா பக்கம் டொயொனாகாவில் பிறந்தார். வளர்ந்தது தகாரசுகா என்ற ஊரில். அப்பா வீட்டிலேயே ஒரு புரொஜெக்டர் வைத்திருந்தார். அதில் சாப்ளினும் டிஸ்னி கார்ட்டூன்களும் ஓடும். அம்மா ஊரிலிருந்த நாடக அரங்குக்குக் கூட்டிப்போவார். மீதி நேரமெல்லாம் பையன் பூச்சி பிடிக்கப் போய்விடுவான்.

பழைய குற்றாலம் போகிற வழியில் ஈரக் கல் ஒன்றைப் புரட்டினால் ஒரு கறுப்பு வண்டு விறுவிறுன்னு ஓடுமே, பார்த்திருக்கீங்களா? அந்த மாதிரி தரையில் ஓடும் ஒரு வண்டுக்கு ஜப்பானில் ஒசாமுஷி என்று பெயர். முஷி என்றால் பூச்சி. தன் பெயரும் அந்த வண்டின் பெயரும் ஒத்துப்போனதைப் பார்த்த சிறுவன், தன் பெயரோடு பூச்சிக்கான எழுத்தையும் சேர்த்துக்கொண்டான். கடைசி வரைக்கும் அதுதான் அவருடைய புனைபெயர். பின்னாடி ஆரம்பித்த அனிமேஷன் கம்பெனிக்கும் முஷி புரொடக்‌ஷன் என்றே பெயர் வைத்தார்.

பிறகு போர் வந்தது. பதினாறு வயதில் அவரை ஒசாகாவில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்குப் போட்டார்கள். 1945-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, காலியாகக் கிடந்த ஒரு தியேட்டரில் மொமொதாரோ என்ற நீளமான அனிமேஷன் படத்தைப் பார்த்தார். கடற்படை எடுக்கச் சொன்ன பிரச்சாரப் படம்தான் அது. ஆனாலும் வரைந்த உருவங்கள் அப்படி உயிரோடு அசைவதைப் பார்த்து, தானும் ஒருநாள் இப்படி ஒன்று எடுக்கணும் என்று முடிவு செய்தார். இரண்டாவது, ஜூன் மாதம் ஒசாகா மீது விமானங்கள் தீக்குண்டு போட்டன. சுற்றிலும் ஆட்கள் செத்துப்போக, இவர் தப்பினார். அவருடைய கதைகளில் போர் மீது ஒரு வெறுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வேர் இங்கேதான்.

அதே வருஷம் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். நம்மில் பலர் இன்ஜினியரிங் கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேற ஏதோ செய்கிற மாதிரி, அவர் மருத்துவ வகுப்பில் மாங்கா வரைந்தார். (குற்றாலத்துல உப்பு, மிளகாய்த்தூள் தடவி விற்கிற மாங்கா இல்லைங்க. ஜப்பான்ல காமிக்ஸுக்குப் பேரே மாங்காதான்.) 1946-இல் முதல் தொடர் பத்திரிகையில் வந்தது. 1947-இல் வந்த புதிய புதையல் தீவு என்ற புத்தகம் சுமார் 4 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். மட்டமான தாளில் மலிவாக அச்சடித்து விற்ற புத்தகங்கள் அவை. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸை நம்ம சித்தப்பாக்கள் பெட்டிக்கடையில் வாங்கிப் படித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்க.

அவர் படிப்பை விட்டுவிட்டார் என்று நினைக்காதீங்க. டாக்டர் லைசென்ஸ் வாங்கினார். 1961-இல் நத்தைகளின் விந்தணு பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனா கிளினிக் மட்டும் வைக்கவே இல்லை.

1952-இல் ஆரம்பித்ததுதான் ஆட்டம் என்ற ரோபோ சிறுவனின் கதை. வெளிநாட்டில் ஆஸ்ட்ரோ பாய். டென்மா என்ற விஞ்ஞானியின் மகன் விபத்தில் இறந்துவிடுகிறான். அந்தத் துக்கத்தில் மகனைப் போலவே ஒரு ரோபோவைச் செய்கிறார். ஆனா ரோபோ வளராதே? அது வளரவில்லை என்று கோபப்பட்டு, சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். எந்திரன் படத்தில் வசீகரனே சிட்டியை உடைத்துக் குப்பையில் போடுவாரே, அந்தக் காட்சி 2010-இல் நம்மை உலுக்கியது. அதே வலியை இவர் 1950-களிலேயே சின்னப் பிள்ளைகள் பத்திரிகையில் வரைந்துவிட்டார். ஆட்டத்துக்கு 1 லட்சம் குதிரைத்திறன். ஆனா அவன் பிரச்சினை சக்தி இல்லை. மனிதர்கள் அவனை ஆளாகவே மதிப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

இப்போ இன்ஜினியர்களுக்கான பகுதி. 1963 ஜனவரி 1-ஆம் தேதி ஆஸ்ட்ரோ பாய் டிவியில் வந்தது. வாரா வாரம் அரை மணி நேரம். ஒரு கணக்குப் போடுவோம். விளம்பரம் போக 25 நிமிடம், அதாவது 1,500 நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம். மொத்தம் 36,000 ஃப்ரேம். அத்தனைக்கும் தனித்தனிப் படம் வரைந்தால் ஒரு எபிசோடுக்கே பல மாதம் ஆகும். தெசுகா குழு மூன்று ஃப்ரேமுக்கு ஒரு படம் வைத்தது, 12,000 ஆனது. முகம் அசையாமல் வாய் மட்டும் அசைந்தது. அசையாத ஒரு படத்தின் மேல் கேமரா நகர்ந்தது. ஆட்டம் பறக்கும் காட்சி போன்றவற்றைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த எபிசோடில் திரும்பப் போட்டார்கள். நாம பழைய கோடை காப்பி பண்ணி அடுத்த ப்ராஜெக்ட்ல போடுவோம்ல, அதேதான். கடைசியில் சுமார் 2,000 படங்களில் ஒரு எபிசோடு முடிந்தது. இன்னைக்கும் அனிமேயில் சண்டைக்கு நடுவில் ஹீரோ அப்படியே உறைந்து நின்று, பின்னால் கோடுகள் மட்டும் ஓடுதே, அது இந்தச் சிக்கனத்தின் வாரிசு.

தொடர் பெரிய வெற்றி. பார்வையாளர் பங்கு 40 சதவீதத்தைத் தொட்டது. அதே வருஷம் அமெரிக்காவிலும் ஓடியது. மொத்தம் 193 எபிசோடுகள்.

ஆனா இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு ஓட்டை இருந்தது. தெசுகா தன் தொடரை டிவிக்கு அடக்க விலையைவிடக் குறைவாக விற்றார். நஷ்டத்தை ஆட்டம் ஸ்டிக்கர், பொம்மை, சாக்லேட் உரிமையிலும் தன் மாங்கா வருமானத்திலும் ஈடுகட்டினார். அவருக்கு அது முடிந்தது, ஏன்னா அவரிடம் ஆட்டம் இருந்தான். அப்படி ஒரு ஹீரோ இல்லாத கம்பெனிகளும் அதே மலிவு விலைக்கு வேலை செய்ய வேண்டி வந்தது. ஜப்பானில் அனிமே வரைபவர்கள் இன்றும் குறைந்த சம்பளத்தில் நீண்ட நேரம் உழைக்கிறார்கள் என்ற புகாரைப் பேசும்போதெல்லாம் இந்த 1963 விலை பேச்சில் வரும். தெசுகா இறந்த வருஷமே ஹயாவோ மியாசாகி இதை வெளிப்படையாக விமர்சித்து எழுதினார். பழி முழுவதையும் ஒருத்தர் தலையில் போடுவது நியாயமா என்று வாதாடுபவர்களும் உண்டு. அந்த விலையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது பிறகு வந்தவர்கள்தானே என்பது அவர்கள் கட்சி. எனக்கு ரெண்டுமே உண்மைன்னு படுது. அவர் இல்லைன்னா நாம ராத்திரி முழிச்சுப் பார்க்க ஒண்ணும் இருந்திருக்காது. அவர் போட்ட விலையின் சுமையும் யாரோ ஒருத்தர் முதுகில் இருக்கு.

அந்தச் சுமை அவரையும் விடவில்லை. 1973-இல் முஷி புரொடக்‌ஷன் திவாலானது. மாங்காவிலும் புது ஆட்கள் வந்துவிட, தெசுகா காலம் முடிந்தது என்றே பேசினார்கள். அந்த வருஷம்தான், லைசென்ஸ் இல்லாத ஒரு சர்ஜனைப் பற்றி பிளாக் ஜாக் என்ற தொடரை ஆரம்பித்தார். படித்த மருத்துவம் இருபது வருஷம் கழித்துக் கைகொடுத்தது. மறுபடி உச்சிக்குப் போனார்.

நம்ம ஊர் பேரில் காசி இருக்கு. அந்த அசல் காசிக்குப் பக்கத்துச் சாரநாத்தில்தான் புத்தர் முதல் போதனை செய்தார். அந்த மண்ணின் கதையையும் தெசுகா விடவில்லை. 1972 முதல் 1983 வரை புத்தர் வாழ்க்கையை மாங்காவாக வரைந்தார். கதை இளவரசர் சித்தார்த்தரோடு தொடங்குவதில்லை. சாப்ரா என்ற அடிமைச் சிறுவனோடும், சாதிப் படியில் கடைசியில் தள்ளப்பட்ட தத்தா என்ற சிறுவனோடும் தொடங்குகிறது. ஆட்டத்தை மதிக்காத மனிதர்களும் தத்தாவை மதிக்காத மனிதர்களும் அவருக்கு ஒன்றுதான். நம்ம நாட்டுக் கதையை வெளியிலிருந்து வந்த ஒருத்தர் சரியான இடத்தில் ஆரம்பித்ததைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்குன்னு இருந்தது.

1989 பிப்ரவரி 9-ஆம் தேதி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 60. அந்தக் காலத்து ஜப்பானிய வழக்கப்படி, நோய் என்னவென்று டாக்டரான அவரிடமே சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்துகொண்டிருந்தார். 1954-இல் ஆரம்பித்த ஃபீனிக்ஸ் உட்படப் பல கதைகள் பாதியில் நின்றன. மொத்தம் வரைந்தது சுமார் 1,50,000 பக்கங்கள்.

அவரிடம் வேலை பார்த்த யொஷியுகி டொமினோ பிறகு 1979-இல் கண்டம் எடுத்தார். டோக்கியோவில் அவர் காலி செய்த வாடகை அறைக்குக் குடிவந்த இரண்டு இளைஞர்கள்தான் ஃபுஜிகோ ஃபுஜியோ. அதில் ஒருவர் பின்னாளில் டோரேமானை வரைந்தார்.

எங்கே ஆரம்பிக்கலாம்னு கேட்டா, 2023-இல் வந்த புளூட்டோ தொடரில் ஆரம்பிங்க. ஆஸ்ட்ரோ பாய் கதை ஒன்றை நவோகி உராசாவா பெரியவர்களுக்காக மறுபடி சொன்னது அது. எட்டே எபிசோடு. பிடித்திருந்தால் 2001-இல் வந்த மெட்ரோபாலிஸ் படம், அப்புறம் புத்தர். ஒண்ணே ஒண்ணு: எபிசோடு முடிந்ததும் வேகமாக ஓடுகிற பெயர்ப் பட்டியலை ஒரு தடவையாவது ஸ்கிப் பண்ணாம பாருங்க. அந்த விலைக்கு உட்கார்ந்து வரைந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.