காயிதே மில்லத்

காயிதே மில்லத் என அழைக்கப்படும் முகம்மது இஸ்மாயில் (ஜூன் 5, 1896 – ஏப்ரல் 5, 1972) தமிழக அரசியல்வாதியும் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நிறுவனத் தலைவரும் ஆவார். காயிதே மில்லத் என்பதற்குச் சமுதாயத்தின் தலைவர் என்று பொருள்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டார். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 சென்னை மாகாணத் தேர்தலில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. இவர் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார்.

பிரிவினைக்குப் பின்

உலகப் போர் முடிந்த இரண்டே ஆண்டுகளில் நாடு பிரிந்தது. பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்த கட்சி இந்தியாவில் தொடரலாமா என்ற கேள்வி எழுந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் லீக் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, இந்தியப் பகுதிக்கு இவர் அமைப்பாளரானார். கட்சியைக் கலைத்துவிட வேண்டும் என்று முஸ்லிம் தலைவர்கள் பலரே கருதினர். எனினும் 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டம் கட்சியைத் தொடர முடிவு செய்தது.

அரசியல் நிர்ணய சபையில்

1948 நவம்பர் 23 அன்று பொது உரிமையியல் சட்டம் பற்றிய விவாதத்தில், எந்தச் சமுதாயமும் தனது தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று இவர் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தம் தோல்வியடைந்தது. எனினும் பொது உரிமையியல் சட்டம், நீதிமன்றம் மூலம் செயல்படுத்த முடியாத வழிகாட்டு நெறியாகவே 44ஆம் உறுப்பில் இடம்பெற்றது. 1949 மே மாதம் தனித்தொகுதி முறையை இவர் கோரியபோது, பேகம் ஐசாஸ் ரசூல் உள்ளிட்ட முஸ்லிம் உறுப்பினர்களே எதிர்த்தனர். அக்கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது.

சமய மரபைக் காக்கும் இவரது நிலைப்பாடு சமூகச் சீர்திருத்தத்துக்குத் தடை என்பது விமர்சகர்களின் கருத்து. சிறுபான்மையினரின் சமய உரிமைக்கு அது அரண் என்பது ஆதரவாளர்களின் கருத்து.

தேர்தல் அரசியல்

சபையில் தோற்றாலும், சமயச் சார்புள்ள கட்சி அரசியலமைப்பை ஏற்று வாக்குகள் மூலம் செல்வாக்குப் பெற முடியும் என்பதை இவரது பணி காட்டியது. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். பின்னர் கேரளத்தின் மஞ்சேரி தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய தேர்தல்களில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967இல் தமிழகத்தில் லீக் தி.மு.க. கூட்டணியில் இடம்பெற்றது, காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. அதே ஆண்டு கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் லீக் பங்கேற்றது.

நினைவுகள்

இவரது உடல் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம் செய்யப்பட்டது. 1974இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு மகளிர் கல்லூரிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. வடசென்னைத் துறைமுகத்தை அடுத்த மண்ணடியில், மரைக்காயர் லெப்பை தெருவிலுள்ள கட்சி அலுவலகம் காயிதே மில்லத் மன்ஸில் எனப்படுகிறது.