வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 – 1884)

மாணவர்களே! யாழ்ப்பாணம் மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை உள்ளது. அப்பெயருக்குரியவர் யார்? தமிழ் மொழி மூலம் கற்கும் நாம் அவரை ஏன் அறிந்திருக்க வேண்டும்?

இளமையும் வருகையும்

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்தார். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். சமயம் பரப்புவதே மிசனின் நோக்கம். வைத்தியம் அதற்குத் துணையாகக் கருதப்பட்டது. ஆனால் கிறீனின் பணி அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்தது.

வைத்தியக் கல்வி

மானிப்பாயில் நோயாளருக்குச் சிகிச்சை அளித்த அவர், 1848இல் உள்ளூர் இளைஞருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இலேயே ஆரம்பமாயிற்று என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஆங்கிலத்திற் கற்றவர்களுட் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வேறிடங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளர் வைத்தியரின்றியே இருந்தனர்.

தமிழுக்கு மாறுதல்

1857இல் தாயகம் சென்ற கிறீன் 1862இல் மீண்டும் வந்தார். தமிழிற் கற்றவர் தம் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் என நம்பிய அவர், 1864 முதல் தமிழ் மொழி மூலம் வைத்தியம் கற்பித்தார். கற்பிக்க நூல்கள் வேண்டும். நூல்களுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடினார்; கிடைக்காதபோது வடசொல்லைக் கொண்டார்; அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். மாணவர்களும் இவ்வேலையில் துணை நின்றனர்.

அவரது முயற்சியால் வெளிவந்த சில நூல்கள்:

• பிரசவ வைத்தியம் – 1857
• இரணவைத்தியம் (சத்திர சிகிச்சை) – 1867
• மனுஷ அங்காதிபாதம் (உடலமைப்பியல்) – 1872
• கெமிஸ்தம் (இரசாயனவியல்) – 1875
• மனுஷ சுகரணம் (உடற்றொழிலியல்) – 1883

இவ்வாறு தமிழில் உருவான பக்கங்கள் ஏறத்தாழ 4500 ஆகும். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கும் மேற்பட்டோர். அவர்கள் மேனாட்டு உடைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து தமிழருக்குப் பணிபுரிய வேண்டும் என எண்ணினார்.

இறுதிக் காலம்

உடல்நலம் குன்றியதால் 1873இல் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை. மேலேயுள்ள பட்டியலின் கடைசி இரு நூல்களும் அவர் இங்கிருந்து சென்ற பின்னரே வெளிவந்தன. 1884 மே 28இல் வூஸ்ரரிற் காலமானார். தாம் தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பது தமது கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

கவனிக்க: ஆண்டுகளை மட்டும் மனனம் செய்தாற் போதாது. கிறீன் ஏன் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறினார் என்ற காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள். உயர்ந்த அறிவியலைத் தமிழிற் கற்க முடியுமா என ஐயுறுவோருக்கு 1864இலேயே விடை கிடைத்துவிட்டது. அந்த விடையைத் தந்தவர் தமிழைப் பிறமொழியாகக் கற்ற ஒருவர்.

பயிற்சி வினாக்கள்

1. கிறீன் தமிழ் மொழி மூலம் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கியமைக்கான காரணத்தை விளக்குக.
2. கலைச்சொல்லாக்கத்தில் அவர் பின்பற்றிய மூன்று படிகளையும் முறையே எழுதுக.