அம்பாசிடரின் தாத்தா!

குட்டீஸ்... தச்சநல்லூர் மதுரை சாலை ஓரம் நின்றால், எப்போதாவது பழைய அம்பாசிடர் கார் ஒன்று போகும். இங்கிலாந்தின், 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' காரைப் பார்த்து, நம் நாட்டில், 2014 வரை தயாரிக்கப்பட்டது அது.

சென்னை பக்கம் போனால், பழைய கார் அணிவகுப்பைப் பாருங்கள். இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடும் ஸ்போர்ட்ஸ் கார் வரும். முகப்பில் எட்டு மூலை முத்திரை இருந்தால், அது எம்.ஜி. கார்! 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம் அது.

இரண்டுக்கும் மூலவர், வில்லியம் மோரிஸ். 1877ல் பிறந்தவர். டாக்டராக ஆசைப்பட்டார், வீட்டில் வசதியில்லை. 15 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. சைக்கிள் கடையில் வேலை. சம்பளத்தை கொஞ்சம் கூட்டிக் கேட்டார். முதலாளி மறுத்து விட்டார். உடனே, நான்கு பவுண்டு முதலில், வீட்டிலேயே சைக்கிள் பழுது பார்க்கத் துவங்கினார். அப்போது வயது, 16.

கூட்டுத் தொழில் ஒன்றில் இறங்கி, 1904ல் நொடித்துப் போனார். தன் சொந்த கருவிகளையே கடன் வாங்கி, ஏலத்தில் எடுக்க வேண்டி வந்தது. பாவம் தானே!

அசரவில்லை மனிதர். 1913ல் முதல் மோரிஸ் கார் வெளிவந்தது. அவரது கராஜ் மேலாளர் செசில் கிம்பர், மோரிஸ் கார்களுக்கு புது உடல் பொருத்தி, வேகம் கூட்டினார். அப்படிப் பிறந்தவை தான் எம்.ஜி. கார்கள்.

மோரிசுக்கு குழந்தைகள் இல்லை. சுமார், 3 கோடி பவுண்டை தானம் செய்தார், பெரும்பகுதி மருத்துவத்துக்கு! போலியோவால் மூச்சு விட முடியாதவர்களுக்கான, 'இரும்பு நுரையீரல்' கருவியை, 1938 முதல் தன் கார் ஆலையிலேயே செய்து, கேட்ட மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார்.

மோரிஸ், 1963ல் காலமானார். அவர் வீடு இன்று காட்சியகம். படுக்கையறை அலமாரியைத் திறந்தால், உள்ளே ஒரு குட்டி பட்டறை... அத்தனையும் கருவிகள்!