ட்ராஃபர்ட் லீ-மாலரி

சர் ட்ராஃபர்ட் லீ-மாலரி (ஜூலை 11, 1892 – நவம்பர் 14, 1944) பிரித்தானிய அரச வான்படையின் தளபதிகளுள் ஒருவர். இரண்டாம் உலகப் போரின் போது பிரிட்டன் சண்டையிலும் நார்மாண்டி படையிறக்கத்திலும் முக்கியப் பொறுப்புகளை வகித்தார். புதிய பதவியை ஏற்க ஆசியாவுக்குச் செல்லும் வழியில், மோசமான வானிலையில் ஆல்ப்ஸ் மலையில் வானூர்தி மோதி உயிரிழந்தார். எவரெஸ்ட் மலையேற்ற வீரர் ஜார்ஜ் மாலரி இவரது அண்ணன் ஆவார்.

இளமைக்காலம்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள மாபர்லி என்ற ஊரில், ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாக்டலின் கல்லூரியில் பயின்றார். முதல் உலகப் போர் தொடங்கியதும் தரைப்படையில் சேர்ந்து, 1915 இல் ஈப்ர சண்டையில் காயமடைந்தார். 1916 இல் வான்படைப் பிரிவுக்கு மாறினார். 1924 ஜூன் மாதத்தில் இவரது அண்ணன் எவரெஸ்ட் சிகரத்துக்கு அருகே காணாமல் போனார். அவரது உடல் 1999 இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்

1937 இல் சண்டை வானூர்திகளின் 12 ஆவது குழுமத்துக்குத் தளபதியானார். 1940 இல் நடந்த பிரிட்டன் சண்டையில், பல ஸ்குவாட்ரன்களை ஒன்றுதிரட்டிப் பெரும் அணியாக எதிரியைத் தாக்கும் உத்தியை ஆதரித்தார். அணி திரளுவதற்குள் எதிரி குண்டு வீசிவிடுகிறான் என்று 11 ஆவது குழுமத் தளபதி கீத் பார்க் இதனைக் கடுமையாக எதிர்த்தார். எனினும் 1940 டிசம்பரில் பார்க்கின் பதவி லீ-மாலரிக்கு வழங்கப்பட்டது.

1943 இல் நேச நாடுகளின் படையெடுப்புக்கான வான்படைகளுக்குத் தலைமைத் தளபதியானார். நார்மாண்டியில் அமெரிக்க வான்குடைப் படைகளை இறக்கினால் பேரிழப்பு நேரும் என ஐசனாவரை எச்சரித்தார். ஐசனாவர் திட்டத்தைக் கைவிடவில்லை. அஞ்சிய அளவுக்கு இழப்பு ஏற்படாததால், தமது கணிப்பு தவறு என்பதை லீ-மாலரி பின்னர் ஒப்புக்கொண்டார்.

மரணம்

1944 இல் தென்கிழக்கு ஆசியக் கட்டளையகத்தின் வான்படைத் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அதன் தலைமையகம் அப்போது இலங்கையின் கண்டியில் இருந்தது. நவம்பர் 14 அன்று அவ்ரோ யார்க் வகை வானூர்தியில் மனைவி டோரிசுடன் நார்தோல்ட் தளத்திலிருந்து புறப்பட்டார். கிரெனோபிள் நகருக்குக் கிழக்கே மலையில் வானூர்தி மோதி நொறுங்கியது. அதிலிருந்த 10 பேரும் இறந்தனர். பனியில் புதைந்திருந்த சிதைவுகளை 1945 ஜூனில் உள்ளூர்வாசி ஒருவர் கண்டுபிடித்தார். இறந்தவர்கள் அருகிலுள்ள ல ரிவியே தலமோன் என்ற சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டனர்.

மோசமான வானிலையே விபத்துக்குக் காரணம் என விசாரணைக் குழு முடிவு செய்தது. விமானக் குழுவினரின் அறிவுரையை மீறி, பயணத்தைத் தொடர வேண்டும் என்று லீ-மாலரி வற்புறுத்தியிராவிடில் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது கூறியது. அவர் ஏற்கவிருந்த பதவியில் 1945 இல் அமர்ந்தவர், முன்பு அவருடன் முரண்பட்ட கீத் பார்க்.