மண்ணின் மறைபொருளை ஒளியால் அறிந்த புன்சன்

நம் பிள்ளைகள் பள்ளி ரசாயனக்கூடத்தில் கையாளும் எரிவாயு அடுப்பைப் புன்சன் அடுப்பு என்கிறோம். அப்பெயருக்குரிய பெரியாரின் வரலாற்றை அறிந்தோர் நம்மிடையே சிலரே. ஆதலின் அதனைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ராபர்ட் புன்சன் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் 1811ஆம் ஆண்டு பிறந்தார். இருபது வயதளவிலேயே டாக்டர் பட்டம் எய்தினார். ஆர்சனிக் சேர்ந்த கொடிய நச்சுப் பொருள்களை ஆராய்ந்த காலத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அந்நஞ்சினால் உயிருக்கே ஊறு நேர்ந்து பிழைத்தார். எனினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர்.

1852இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பீட்டர் டெசாகா என்னும் கருவி வினைஞரின் துணையுடன் 1855ஆம் ஆண்டளவில் தம் அடுப்பை உருவாக்கினார். காற்றும் வாயுவும் முன்னரே கலந்து எரிவதால், அதன் சுடருக்குத் தனக்கென நிறம் இல்லை எனலாம். அதில் இட்ட உலோக உப்பு தன் நிறத்தைத் தெளிவாகக் காட்டும். அக்கருவிக்கு அவர் காப்புரிமை நாடவில்லை.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. எங்கும் பரவியுள்ள சோடியத்தின் மஞ்சள் ஒளி மற்றவற்றின் நிறங்களை மறைத்துவிடும். நண்பரான பௌதிக அறிஞர் கிர்க்காப் அதற்கு வழி கூறினார். சுடரின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய கோடுகளைக் காட்டும் என்பதை இருவரும் 1859, 1860ஆம் ஆண்டுகளில் நிறுவினர்.

லித்தியம் ஒரு சில கனிமங்களில் மட்டுமே உண்டு என்று அதுகாறும் கருதினர். அவ்விருவரோ அதனைக் கடல்நீரிலும் புகையிலைச் சாம்பலிலும் கண்டனர். ரைன் சமவெளி வயல்களில் விளைந்த பயிரின் சாம்பலிலும், அப்பயிரை உண்ட கால்நடைகளின் பாலிலும் கண்டனர். மண்ணிலுள்ள உலோகம் பயிருக்கும் பயிரினின்று உயிருக்கும் செல்வதை ஒளிக்கோடு காட்டிற்று.

1860இல் டர்க்கைம் ஊற்று நீரில் இரண்டு புதிய நீலக் கோடுகள் தோன்றின. 40 டன்னுக்கு மேற்பட்ட நீரை வற்றச் செய்து புன்சன் பிரித்தெடுத்த சீசியம் உப்பு 7 கிராம் அளவே. மறு ஆண்டில் ரூபிடியமும் கிடைத்தது.

எவ்வுலோகம் உளது என்பதற்கு இவ்வாறு விடை கிட்டியது. எவ்வளவு உளது என்பதனை எளிதில் அளக்க, ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உட்கவர்தல் முறை வழிசெய்தது. இம்முறையில் மண்ணைக் கரைசலில் இட்டு உலோகத்தைப் பிரித்து, அக்கரைசலைச் சுடரில் தூவுவர். அதே உலோகத்தாலான விளக்கின் ஒளியை அச்சுடரினூடே செலுத்தி, எவ்வளவு ஒளி குறைகிறது என்று அளப்பர். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி நம் நாட்டு உழவர் பெறும் அட்டையில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகியவற்றின் அளவும் இடம்பெறும். ஆய்வுக்கூடங்கள் அவற்றை அளக்க இத்தகைய கருவிகளையே பெரிதும் நாடுகின்றன.

மணம் புரியாது ஆய்வுக்கும் மாணவர்க்குமே வாழ்ந்த புன்சன், 1889இல் ஓய்வு பெற்று 1899இல் மறைந்தார். ஒரு கண்ணோடு அவர் கண்டறிந்த வழியில் இன்று உலகமெங்கும் உழவரின் நிலம் சோதிக்கப்படுகிறது. தமக்கென எதனையும் வைத்துக்கொள்ளாத அவ்வறிஞரை நாம் நன்றியுடன் நினைதல் தகும்.