ஆடு மேய்த்த அறிஞர்

1738ஆம் ஆண்டில் ஓர் இரவு. ஸ்காட்லாந்து நாட்டின் சாலையொன்றில் பதினாறு வயது இளைஞன் ஒருவன் தனியே நடந்துகொண்டிருந்தான். அவன் ஆடு மேய்ப்பவன். மந்தையை நண்பனிடம் ஒப்படைத்துவிட்டு, 24 மைல் தொலைவிலிருந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரை நோக்கிப் புறப்பட்டிருந்தான். அந்நகரின் புத்தகக் கடையில் ஒரு நூல் வாங்க வேண்டும் என்பதே அவன் ஆசை. அது கிரேக்க மொழியில் அமைந்த புதிய ஏற்பாடு. கிறிஸ்துவர்களின் வேதநூலான விவிலியத்தின் ஒரு பகுதி. அந்த இளைஞன்தான் பிற்காலத்தில் சமயப் போதகராகவும் நூலாசிரியராகவும் புகழ்பெற்ற ஜான் பிரவுன்.

ஜான் பிரவுன் 1722ஆம் ஆண்டு, அபர்நெதி எனும் ஊருக்கு அருகிலுள்ள கார்ப்போ என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை ஏழை நெசவாளர். பள்ளியில் சில மாதங்களே படிக்கும் வாய்ப்பு ஜானுக்குக் கிடைத்தது. பதினொரு வயதில் தந்தையை இழந்தார். சிறிது காலத்தில் தாயும் மறைந்தார். ஆதரவற்ற நிலையில் ஒரு முதியவரின் ஆடுகளை மேய்க்கும் வேலையில் சேர்ந்தார்.

வறுமை பள்ளியின் கதவை மூடியது. ஆனால், அவருடைய கல்வி வேட்கையை அதனால் அணைக்க முடியவில்லை. ஆடுகள் மேய்ந்த நேரத்தில் அவர் நூல்களைப் படித்தார். இலத்தீன் மொழியை ஓரளவு கற்றபின் கிரேக்க மொழியின்மீது நாட்டம் கொண்டார். கற்பிக்க ஆசிரியர் இல்லை. ஆகவே, அவரே ஒரு வழியைக் கண்டறிந்தார். இயேசுவின் முன்னோர்களின் பெயர்ப்பட்டியல் விவிலியத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் தாம் அறிந்திருந்த அப்பெயர்களைக் கிரேக்கப் பெயர்களோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் கண்டுபிடித்தார். பிறகு, சொற்களையும் இலக்கணத்தையும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். தமக்கென ஒரு கிரேக்க நூல் வேண்டும் என்ற ஏக்கமே அவரை அந்த இரவில் நடக்க வைத்தது.

காலையில் கடைக்குள் நுழைந்த இளைஞனின் எளிய கோலத்தைக் கண்டு அங்கிருந்தோர் வியந்தனர். பேராசிரியர் ஒருவர், அந்நூலை வாசித்துக் காட்டினால் அதை இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம் என்று கூறினாராம். ஜான் தடுமாற்றமின்றி வாசித்தார். நூலைப் பரிசாகப் பெற்று, வந்த வழியே மந்தைக்குத் திரும்பினார்.

எனினும், அந்த அறிவே அவருக்குத் துன்பமாகவும் அமைந்தது. பள்ளி செல்லாத இடையன் இத்தனை மொழிகளை எவ்வாறு கற்றிருக்க முடியும் என்று சிலர் ஐயுற்றனர். அவர் சாத்தானின் துணையால் கற்றார் என்ற பழிச்சொல் பரவியது. சூனியத்தின்மீது மக்கள் அச்சம் கொண்டிருந்த அக்காலத்தில் அது கொடிய பழியாகும். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அப்பழியை அவர் சுமந்தார். ஊர் ஊராகச் சென்று சிறு பொருள்களை விற்றுப் பிழைத்தார். ஆயினும், படிப்பைக் கைவிடவில்லை. எபிரேய மொழியையும் கற்றார். இறுதியில், 1746இல் அவர் குற்றமற்றவர் எனத் திருச்சபையினர் நற்சான்று வழங்கினர்.

அதன்பின் அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். எபனேசர் எர்ஸ்கின் போன்ற அறிஞர்களிடம் சமயக் கல்வி பயின்றார். 1751இல் ஹேடிங்டன் நகரின் போதகரானார். இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார். 1768 முதல் தம் சபையின் போதகர் பணிக்குரிய மாணவர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாடம் கற்பித்தார். அதற்காக அவர் ஊதியம் பெறவில்லை.

அவர் பல நூல்களை எழுதினார். 1769இல் விவிலிய அகராதியை வெளியிட்டார். 1778இல் அவர் வெளியிட்ட விளக்கவுரையுடன் கூடிய விவிலியம் மிகுந்த புகழ் பெற்றது. கடினமான பகுதிகளுக்குரிய விளக்கங்களும் குறிப்புகளும் அந்நூலிலேயே இடம்பெற்றிருந்தன. ஆகவே, வேறு நூல்கள் வாங்க வசதியற்ற எளிய மக்களும் ஆசிரியர் துணையின்றி அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. அவர் மறைந்த பின்னரும் அந்நூல் பலமுறை அச்சிடப்பட்டது.

ஜான் பிரவுன் 1787ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் காலமானார். விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லாமல், எழுத்தெழுத்தாகப் போராடிக் கற்றவர் அவர். அந்தச் சிரமத்தைப் பிறர் படக்கூடாது என்பதற்காகவே தாம் கற்றதை வாழ்நாள் முழுவதும் பிறருக்கு வழங்கினார். கற்ற கல்வியைப் பகிர்ந்தளிப்பதே கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.